கவுன்சில் நிலம் வாங்கும்போது ஸ்க்ரூட்டினி என்ன செய்யும், என்ன செய்யாது

இங்கிலாந்தில் ஓர் உள்ளூர் கவுன்சில் தனியாரிடமிருந்து நிலம் வாங்க முடிவு செய்கிறது. சில நாள் கழித்து, அந்த முடிவு ஸ்க்ரூட்டினிக்கு, அதாவது முடிவுகளை ஆராயும் கவுன்சிலர் குழுவுக்கு, போயிருக்கிறது என்று செய்தி வருகிறது. உடனே ஊரில் இரண்டு விதமான பேச்சு கிளம்பும். 'நல்லவேளை, ரத்து செய்துவிட்டார்கள்' என்பது ஒன்று. 'எல்லாம் கண்துடைப்பு, ஏற்கெனவே கையெழுத்துப் போட்டாயிற்று' என்பது மற்றொன்று. பெரும்பாலும் இரண்டுமே தவறு. நிலம் வாங்குவதை ரத்து செய்யும் அதிகாரம் ஸ்க்ரூட்டினிக்கு இல்லை. அந்தக் கட்டத்தில் ஒப்பந்தத்தில் கையெழுத்தும் ஆகியிருக்காது, ஆகியிருக்கவும் கூடாது.

இங்கே சொல்வது இங்கிலாந்து கவுன்சில்களைப் பற்றி மட்டும். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து மூன்றுக்கும் சட்டங்கள் வேறு.

ஒரு குடியிருப்புச் சங்கம்

நூறு வீடுகள் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். பராமரிப்புப் பணம் எல்லோரும் கட்டியது. சங்கத்தின் நிர்வாகக் குழுவில் எட்டுப் பேர். பக்கத்து மனையை வாங்கி வண்டி நிறுத்தும் இடமாக்கலாம் என்று அவர்கள் முடிவு செய்கிறார்கள். சங்க விதிப்படி அந்த அதிகாரம் அவர்களுக்கு உண்டு. அதே விதியில் இன்னொரு வரியும் இருக்கிறது: முடிவை அறிவித்த ஐந்து நாளுக்குள், குழுவில் இல்லாத மூன்று பேர் காரணம் எழுதிக் கேட்டால், முன்பணம் கொடுப்பதை நிறுத்திவைக்க வேண்டும். குழுவில் இல்லாதவர்கள் கூடும் ஒரு கூட்டத்துக்கு வந்து பதில் சொல்ல வேண்டும். பதில் திருப்தியாக இல்லையென்றால் அந்தக் கூட்டம் 'மறுபடி யோசியுங்கள்' என்று திருப்பி அனுப்பலாம். யோசித்த பிறகும் குழு 'வாங்கத்தான் போகிறோம்' என்றால், வாங்கலாம்.

கவுன்சிலில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். சங்க விதியின் இடத்தில் நாடாளுமன்றச் சட்டம் இருக்கிறது, அவ்வளவுதான். சட்டம் என்று வந்துவிட்டால் யார் முடிவெடுத்தார், எந்தத் தேதியில் எடுத்தார், எது கையெழுத்தானது என்ற சின்ன விஷயங்களுக்கெல்லாம் எடை கூடிவிடும்.

முடிவெடுப்பவர்கள், கேள்வி கேட்பவர்கள்

2000ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டத்துக்கு முன்பு, பெரும்பாலான முடிவுகளைக் கவுன்சிலர்களின் குழுக்கள் எடுத்தன. எல்லாக் கட்சியினரும் ஏதாவது ஒரு குழுவில் இருந்தார்கள். அந்தச் சட்டம் வந்ததும் பெரும்பாலான கவுன்சில்களில் முடிவெடுக்கும் அதிகாரம் ஒரு சிறு அணியிடம் போனது. அந்த அணிக்குப் பெயர் கேபினட். கவுன்சில் தலைவரும் அவர் தேர்ந்தெடுக்கும் சில கவுன்சிலர்களும் சேர்ந்தது அது. சில ஊர்களில் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த மேயர் தலைமையில் இயங்கும். பெரும்பாலும் ஒரே கட்சிதான் கேபினட்டில் இருக்கும்.

அதிகாரத்தைச் சிலரிடம் குவித்துவிட்டு மற்ற கவுன்சிலர்களைச் சும்மா உட்கார வைக்க முடியாது அல்லவா? அதனால் அதே சட்டம் ஸ்க்ரூட்டினி கமிட்டியையும் கட்டாயமாக்கியது. கேபினட்டில் இல்லாத கவுன்சிலர்கள் கூடி, கேபினட்டின் முடிவுகளை ஆராய்ந்து பரிந்துரை சொல்லும் குழு அது. கேபினட் உறுப்பினர் எவரும் அதில் இருக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. இருக்கைகள் கவுன்சிலில் கட்சிகளுக்கு உள்ள பலத்தின் விகிதப்படி பிரியும்.

இந்தக் கடைசி விதியின் விளைவைப் பலர் யோசிப்பதில்லை. ஆளும் கட்சிக்கு முழு கவுன்சிலில் தெளிவான பெரும்பான்மை இருந்தால், ஸ்க்ரூட்டினி கமிட்டியிலும் அதற்கே பெரும்பான்மை. தன் கட்சித் தலைவர் எடுத்த முடிவைத் தானே குடைய வேண்டிய நிலையில் அந்தக் கவுன்சிலர் இருக்கிறார். ஸ்க்ரூட்டினியில் கட்சிக் கொறடா வேலை இருக்கக் கூடாது என்பது ஏற்கப்பட்ட மரபு. நடைமுறையில் அது எந்த அளவுக்கு நிற்கும் என்பது ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறும். பல கவுன்சில்கள் கமிட்டித் தலைமையை எதிர்க்கட்சிக்குக் கொடுக்கின்றன, கட்டாயம் இல்லை. என்னைக் கேட்டால், ஒரு கவுன்சில் தன் ஸ்க்ரூட்டினியை எவ்வளவு மதிக்கிறது என்று பார்க்க முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

2011ஆம் ஆண்டின் லோக்கலிசம் சட்டம் பழைய குழுமுறைக்கே திரும்பவும் இடம் கொடுத்தது. ஷெஃபீல்ட், பிரிஸ்டல் போன்ற நகரங்கள் அப்படித் திரும்பின. அங்கே கேபினட் கிடையாது என்பதால் கீழே சொல்லும் நடைமுறையும் அப்படியே பொருந்தாது.

வாங்கும் அதிகாரம் எங்கிருந்து வருகிறது

1972ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம், பிரிவு 120. தன் பணிகளுக்காகவோ, தன் பகுதியின் நலனுக்காகவோ, மேம்பாட்டுக்காகவோ, ஒரு கவுன்சில் உரிமையாளரோடு பேசி ஒப்பந்தத்தின் பேரில் நிலம் வாங்கலாம். நிலம் உடனே தேவைப்படாவிட்டாலும் வாங்கலாம். அகலமான அதிகாரம்தான்.

இதைக் கட்டாயக் கையகப்படுத்தலோடு குழப்பக் கூடாது. உரிமையாளர் மறுத்தாலும் அரசாணை மூலம் நிலத்தை எடுத்துக்கொள்ளும் அந்த முறைக்குத் தனிச் சட்டங்களும், ஆட்சேபனை தெரிவிக்கும் உரிமையும், அமைச்சர் மட்டத்து ஒப்புதலும் உண்டு. நாம் பேசும் விஷயத்தில் விற்பவரும் விரும்பித்தான் விற்கிறார். அதனால் சந்தேகத்தின் திசையும் மாறுகிறது: அவரை நசுக்குகிறார்களா என்று இங்கே கேட்பதில்லை, அவருக்கு அதிகமாகக் கொடுக்கிறார்களா என்றுதான் கேட்கிறார்கள்.

திட்ட அனுமதியும் வேறு. அந்த நிலத்தில் வீடு கட்டலாமா, கூடாதா என்பது திட்ட அனுமதிக் குழுவின் வேலை. நிலத்தை வாங்கிவிட்டதாலேயே கவுன்சிலுக்கு அங்கே கட்ட அனுமதி கிடைத்துவிடாது. 'போக்குவரத்து நெரிசல் ஆகும், மரங்கள் போகும்' என்ற வாதங்களைத் தூக்கிக்கொண்டு ஸ்க்ரூட்டினிக்கு வருபவர்கள் பலர். அவற்றில் பெரும்பகுதி அந்த இன்னொரு அறையில் சொல்ல வேண்டியது.

சட்டத்தில் ஒரு சுவையான ஏற்றத்தாழ்வும் இருக்கிறது. கவுன்சில் நிலத்தை விற்கும்போது, கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த விலைக்கே விற்க வேண்டும் என்று பிரிவு 123 நேரடியாகச் சொல்கிறது, விதிவிலக்குகள் உண்டு. வாங்கும்போது அதற்கு இணையான ஒற்றைவரி விதி இல்லை. பொதுப் பணத்தைப் பொறுப்பாகக் கையாளும் கடமை, 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் சிறந்த மதிப்புக் கடமை போன்ற பொதுவான கட்டுப்பாடுகள்தான் இருக்கின்றன. விலை நியாயமா என்ற கேள்வியை யாராவது எழுந்து கேட்டால்தான் உண்டு. ஸ்க்ரூட்டினிக்கு இங்கே இத்தனை வேலை இருப்பது அதனால்தான்.

இதுவரை பார்த்தது இவ்வளவு: வாங்கும் முடிவு கேபினட்டுடையது, அதற்குச் சட்ட அதிகாரம் உண்டு. கேபினட்டில் இல்லாத கவுன்சிலர்களுக்குக் கேள்வி கேட்கும் அதிகாரம் உண்டு. எப்போது கேட்பது என்பதில்தான் சூட்சுமம்.

கால்-இன்: அந்தச் சில நாட்கள்

எடுக்கப்பட்டு இன்னும் செயல்படுத்தப்படாத ஒரு முடிவை நிறுத்திவைத்து ஸ்க்ரூட்டினி கமிட்டி முன் கொண்டுவரும் நடைமுறைக்குக் கால்-இன் என்று பெயர். சட்டம் இதற்கு அடிப்படை அதிகாரத்தை மட்டும் கொடுக்கிறது: முடிவெடுத்தவரே மறுபரிசீலனை செய்யும்படி கமிட்டி பரிந்துரைக்கலாம், அல்லது முழு கவுன்சிலின் பார்வைக்கு அனுப்ப ஏற்பாடு செய்யலாம். எத்தனை கவுன்சிலர்கள் கையெழுத்திட வேண்டும், எத்தனை நாளுக்குள் கேட்க வேண்டும் என்பதெல்லாம் அந்தந்த கவுன்சிலின் அரசியலமைப்பில் இருக்கும். கவுன்சிலின் உள்விதிகளைத் தொகுத்த ஆவணத்துக்குத்தான் அந்தப் பெரிய பெயர், வலைத்தளத்திலேயே கிடைக்கும். முடிவை வெளியிட்டதிலிருந்து 5 வேலை நாள் என்பது பரவலான வழக்கம்.

'எங்களுக்குப் பிடிக்கவில்லை' என்று எழுதிக் கொடுத்தால் பொதுவாக ஏற்க மாட்டார்கள். முடிவெடுக்கும் முறையில் எது பிசகியது என்று காட்ட வேண்டும்: மாற்று வழிகளைப் பார்க்கவில்லை, கலந்தாலோசிக்கவில்லை, நிதி விவரம் போதவில்லை, அறிக்கையில் முக்கியமான ஒன்று விடுபட்டிருக்கிறது, இப்படி. கோரிக்கை செல்லுமா என்று பெரும்பாலும் மானிட்டரிங் ஆஃபீசர் பார்ப்பார். கவுன்சிலின் செயல்கள் சட்டத்துக்குள் இருக்கின்றனவா என்று கவனிக்கும் பொறுப்புள்ள அதிகாரி அவர்.

சரி, ஐந்து நாள் தாமதத்தில் என்ன பெரிதாக மாறிவிடும்? இங்கேதான் இங்கிலாந்தின் நிலச் சட்டம் உதவிக்கு வருகிறது. அங்கே நில விற்பனை ஒப்பந்தம் எழுத்தில், இரு தரப்பும் கையெழுத்திட்டு இருக்க வேண்டும். இரு தரப்பின் வழக்கறிஞர்களும் கையெழுத்திட்ட பிரதிகளை மாற்றிக்கொள்ளும் நொடி வரை, பொதுவாக எவருக்கும் கட்டுப்பாடு இல்லை. விலை பேசியாகிவிட்டது, கேபினட் கைதூக்கி ஒப்புக்கொண்டுவிட்டது, படத்தோடு செய்திக்குறிப்பும் போய்விட்டது என்றாலும் ஒப்பந்தம் பிறக்கவில்லை. இந்தப் பரிமாற்றத்துக்குப் பிறகு பின்வாங்கினால் முன்பணம் போகும், நஷ்ட ஈடும் கேட்பார்கள். ஸ்க்ரூட்டினிக்கு உயிர் இருப்பது கேபினட் முடிவுக்கும் ஒப்பந்தப் பரிமாற்றத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளியில். கால்-இன் காலம் முடியும் முன்பே கையெழுத்துப் போட்டுவிட்டால், பிறகு கமிட்டி கூடிப் பேசுவது விசாரணையாக இருக்கலாம், கால்-இன்னாக இருக்காது.

இதில் இரண்டு விதிவிலக்குகளை நினைவில் வைக்க வேண்டும். ஒன்று அவசர முடிவு. தாமதித்தால் கவுன்சிலுக்கோ மக்களுக்கோ கேடு வரும் என்று காரணம் எழுதி, உள்விதி சொல்லும் ஒருவரின் சம்மதத்தோடு கால்-இன்னைத் தவிர்க்கலாம். 'விற்பவர் வெள்ளிக்கிழமைக்குள் பதில் கேட்கிறார்' என்பது நிஜமான அவசரமா, பேரத் தந்திரமா என்று பிரித்துப் பார்ப்பது முழுக்க அனுபவம் சார்ந்த விஷயம். மற்றொன்று ஏலம். சுத்தியல் விழுந்ததும் ஒப்பந்தம் இரு தரப்பையும் கட்டுப்படுத்திவிடும். ஆகவே ஏலத்தில் வாங்குவதாக இருந்தால், அதிகபட்ச விலைக்கான ஒப்புதலும் அதற்கான கால்-இன் காலமும் ஏலத் தேதிக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

கதவு மூடப்படுவது ஏன்

கேபினட் கூட்டங்கள் பொதுவாகத் திறந்த கூட்டங்கள். ஆனால் நிலம் வாங்கும் அறிக்கையில் பாதி, பொதுமக்களுக்குக் கிடைக்காத தனி இணைப்பாக வரும். பல கவுன்சில்களில் அதை இளஞ்சிவப்புத் தாளில் அச்சிடும் பழக்கம் இருந்ததால் இன்னும் 'பிங்க் பேப்பர்' என்றே பேச்சு. ஒருவரின் வணிக, நிதி விவகாரம் பற்றிய தகவலை வெளியிடாமல் வைத்திருக்க 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணை 12ஏ இடம் கொடுக்கிறது. மறைப்பதால் வரும் பொதுநலன் வெளியிடுவதால் வரும் பொதுநலனை மிஞ்ச வேண்டும் என்பது நிபந்தனை.

இதைக் கேட்டதும் கோபம் வருவது இயல்பு. ஆனால் காரணம் இருக்கிறது. 'இவ்வளவு வரை கொடுக்கத் தயார்' என்ற எண் விற்பவர் கையில் கிடைத்தால், பேரம் அங்கேயே முடிந்துவிடும். நஷ்டம் வரி கட்டுபவருக்கு. கோபப்பட வேண்டிய இடம் வேறு. விலையை மட்டும் மறைத்தார்களா, அல்லது நிலம் எதற்கு, என்னென்ன மாற்று வழிகள் பார்த்தார்கள், கடன் எங்கிருந்து என்பதையும் சேர்த்து மூடிவிட்டார்களா என்று பார்க்க வேண்டும். பேரத்துக்குத் தொடர்பில்லாத தகவலுக்கு அந்தச் சாக்கு பொருந்தாது. ரகசியத்துக்கு ஆயுளும் குறைவு. வாங்கி முடித்துப் பதிவானதும், கொடுத்த விலை வழக்கமாக லேண்ட் ரெஜிஸ்ட்ரியின் உரிமைப் பதிவேட்டில் ஏறிவிடும். சிறு கட்டணம் கட்டி யாரும் பார்க்கலாம்.

ஸ்க்ரூட்டினி உறுப்பினர்களுக்கு நிலைமை இன்னும் மேல். தாங்கள் ஆராயும் முடிவு தொடர்பான ஆவணங்களை, ரகசியப் பகுதி உட்பட, கேட்டுப் பெறும் உரிமையை 2012ஆம் ஆண்டின் விதிகள் தருகின்றன. மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். பார்த்ததை வெளியே பேசக் கூடாது, அதுதான் விலை.

நல்ல கேள்விகள் எப்படி இருக்கும்

முதல் கேள்வி எப்போதும் மதிப்பீட்டைப் பற்றியது. மதிப்பிட்டவர் சுயேச்சையானவரா? 'ரெட் புக்' என்று அழைக்கப்படும் தொழில்முறைத் தரத்தின்படி மதிப்பிட்டாரா? எந்தத் தேதியில்? விற்பவர் கொண்டுவந்த மதிப்பீட்டையே நம்பினார்களா?

அதற்குள்ளேயே ஒளிந்திருக்கும் இன்னொரு கேள்விதான் முக்கியம்: எந்த நிலைமையில் அந்த மதிப்பு? விவசாய நிலமாக இருக்கும்போது ஒரு விலை. வீடு கட்ட அனுமதி கிடைத்தால் பல மடங்கு. இரண்டுக்கும் நடுவில், 'என்றாவது அனுமதி கிடைக்கும்' என்ற எதிர்பார்ப்புக்காகக் கூடுதலாகக் கொடுக்கும் தொகையை எதிர்பார்ப்பு மதிப்பு என்பார்கள். தனியார் நில பேரங்களில் கவுன்சில் சறுக்க மிகவும் வாய்ப்புள்ள இடம் இதுதான் என்று நினைக்கிறேன். அனுமதி கிடைக்காமல் போகும் ஆபத்தை யார் சுமக்கிறார்கள்? முழு விலையையும் இன்றே கொடுத்துவிட்டால் கவுன்சில்தான். அனுமதி கிடைத்தால்தான் வாங்குவோம் என்று நிபந்தனை ஒப்பந்தம் போட்டாலோ, குறிப்பிட்ட காலத்துக்குள் வாங்கும் உரிமைக்கு மட்டும் ஒரு சிறு தொகை கொடுத்து வைத்தாலோ, ஆபத்தில் ஒரு பங்கு விற்பவர் பக்கம் போகும். 'அதை ஏன் முயலவில்லை?' என்பதற்கு அதிகாரிகளிடம் பதில் இருக்கிறதா என்று பார்த்தாலே, அந்த அறிக்கை எவ்வளவு யோசித்து எழுதப்பட்டது என்று தெரிந்துவிடும்.

அப்புறம் பணம். பெரும்பாலும் கடன்தான், பி.டபிள்யூ.எல்.பி. (PWLB) என்ற அரசுக் கடன் வசதியிலிருந்து. வட்டியோடு, அசலை அடைக்கவும் ஆண்டுதோறும் ஒரு தொகையை நடப்பு வரவுசெலவிலிருந்து ஒதுக்க வேண்டும். நூலகத்துக்கும் முதியோர் பராமரிப்புக்கும் செலவாகும் அதே பையிலிருந்து. நிலம் வருமானம் தராமல் சும்மா கிடக்கும் ஆண்டுகளில் அந்த ஒதுக்கீடு எவ்வளவு, வேலி போடவும் பாதுகாக்கவும் எவ்வளவு என்ற எண்கள் அறிக்கையில் இருக்க வேண்டும்.

மண்ணில் பழைய தொழிற்சாலைக் கழிவு இருக்கிறதா, வெள்ளம் வருமா, நிலத்துக்குள் நுழைய வழியுரிமை இருக்கிறதா என்பவை வழக்கமான கேள்விகள், கேட்டுவிட்டு நகரலாம். கவுன்சிலர் எவருக்காவது விற்பவரோடு தொடர்பு உண்டா என்ற கேள்வியை மட்டும் நாசூக்குக்காக விட்டுவிடக் கூடாது.

இந்தக் கேள்விகள் வெறும் சம்பிரதாயம் இல்லை என்பதற்குத் தென் லண்டனில் உள்ள குரொய்டன் சாட்சி. அந்த கவுன்சில் 2018இல் குரொய்டன் பார்க் ஹோட்டலைச் சுமார் 30 மில்லியன் பவுண்டுக்கு வாங்கியது. வாடகை வருமானம் வரும் என்பது கணக்கு. 2020இல் ஹோட்டலை நடத்திய நிறுவனம் நொடித்தது. அதே ஆண்டு அக்டோபரில் தணிக்கையாளர்கள் பொதுநல அறிக்கை வெளியிட்டு, நிதி நிலைமையின் தீவிரத்தைக் கவுன்சிலே கூட்டாகக் காணத் தவறியது என்று கடிந்துகொண்டார்கள். நவம்பரில், வரவுக்கு மேல் செலவு போகிறது என்று நிதி அதிகாரி அறிவிக்கும் பிரிவு 114 அறிவிப்பு வந்தது. ஹோட்டல் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது; அது பல கண்ணிகளில் ஒன்று. லாபத்தை முதன்மை நோக்கமாகக் கொண்டு சொத்து வாங்கத் திட்டமிடும் கவுன்சில்களுக்கு மேற்சொன்ன அரசுக் கடன் கிடைக்காது என்ற விதியும் 2020 நவம்பரில்தான் வந்தது.

முடிவில் என்ன நடக்கும்

கமிட்டி முன் மூன்று வழிகள். கேள்விகளுக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று விட்டுவிடலாம். முடிவு உடனே நடைமுறைக்கு வரும். கவலைகளை எழுதிக் கேபினட்டுக்கே திருப்பி அனுப்பலாம். முழு கவுன்சிலுக்கு அனுப்பலாம். மூன்றாவதைக் கேட்டதும் பலர் நிமிர்ந்து உட்காருவார்கள். ஆனால் அந்த முடிவு கவுன்சில் ஒப்புக்கொண்ட வரவுசெலவுத் திட்டத்துக்கோ கொள்கைச் சட்டகத்துக்கோ வெளியே போகாத வரை, முழு கவுன்சிலும் அதை மாற்ற முடியாது. கருத்தோடு திருப்பி அனுப்பத்தான் முடியும். வெளியே போயிருந்தால் கதை வேறு: அப்போது முடிவெடுக்கும் உரிமையே முழு கவுன்சிலுடையது.

அதனால் கேபினட் அதே முடிவை ஒரு எழுத்து மாறாமல் உறுதிசெய்யலாம். நிறைய தடவை அப்படித்தான் நடக்கிறது. கண்துடைப்பு என்பவர்களின் வாதத்துக்கு வலு அங்கிருந்து வருகிறது; அதை முழுக்கத் தள்ளிவிட எனக்கும் மனமில்லை. ஆனால் இரண்டாம் முறை உறுதிசெய்யும்போது கேபினட்டின் முன் எழுத்தில் எச்சரிக்கை இருக்கிறது. பின்னால் தணிக்கையாளரோ நீதிமன்றமோ கேட்டால் 'எங்களுக்குத் தெரியாது' என்று சொல்ல முடியாது. சில சமயம் வாங்கும் முடிவு அப்படியே நிற்கும், நிபந்தனைகள் மாறும்: மண் பரிசோதனை முடிந்த பிறகே பரிமாற்றம், விலைக்கு ஒரு உச்சவரம்பு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை. இவை செய்தியில் வராது.

குடியிருப்பவர் எங்கே நுழையலாம்

கால்-இன் கேட்கும் உரிமை கவுன்சிலர்களுக்குத்தான். உங்கள் வார்டு கவுன்சிலரிடம் காரணத்தோடு சொல்லலாம். ஐந்து நாள் என்பது கண்மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும். அதைவிட நல்ல நேரம் முன்கூட்டியே வருகிறது. கணிசமான செலவு கொண்ட, அல்லது இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட வார்டுகளைக் கணிசமாகப் பாதிக்கும் முடிவை 'கீ டிசிஷன்' என்பார்கள். அப்படி ஒன்றை எடுக்கப் போவதாக 28 முழு நாட்களுக்கு முன்பே கவுன்சில் அறிவிக்க வேண்டும். ஃபார்வர்ட் பிளான் என்ற பெயரில் வலைத்தளத்தில் அது இருக்கும். விலை பேசி முடிப்பதற்கு முன் கேட்கும் கேள்வி, முடித்த பின் கேட்கும் பத்துக் கேள்விக்குச் சமம். ஸ்க்ரூட்டினி கமிட்டியும் அப்போதே அறிக்கையைக் கேட்டுப் பார்க்கலாம். நன்றாக நடக்கும் கவுன்சில்களில் கால்-இன் குறைவாக வருவதற்கு இது ஒரு காரணம்.

வாங்கி முடித்த பிறகும் ஒரு வாசல் மிச்சம் இருக்கிறது. ஆண்டுதோறும் 30 வேலை நாட்கள், கவுன்சிலின் அந்த ஆண்டுக் கணக்குகளையும் அவற்றோடு தொடர்புடைய ஒப்பந்தங்கள், ரசீதுகளையும் பார்க்க 2014ஆம் ஆண்டின் உள்ளாட்சித் தணிக்கைச் சட்டம் இடம் தருகிறது. வணிக ரகசியம் என்று சில பக்கங்கள் மறுக்கப்படலாம். அந்தப் பகுதி வாக்காளராக இருந்தால் தணிக்கையாளரிடம் எழுத்தில் ஆட்சேபனையும் கொடுக்கலாம். அந்த 30 நாள் எப்போது தொடங்குகிறது என்பதைக் கவுன்சில் தன் வலைத்தளத்தில் அறிவிக்கும், பெரும்பாலும் யார் கண்ணிலும் படாத ஒரு மூலையில்.